ஏழாவது பாட்டில் 'ஐயா' கிடையாது

அந்த இடத்தில் 'ஐயா' கிடையாது தாயி.

கோபித்துக்கொள்ளாதே. பஸ் ஏறியதிலிருந்து நீ வாய்க்குள்ளேயே பாடிக்கொண்டு வருகிறாய். நானும் அடிவாரம் வரை பொறுத்துப் பார்த்தேன். 'மேகம் வந்தாச் சொல்லி அனுப்பு ஐயா, மேட்டுத் தெருவுல நானிருப்பேன் ஐயா.' எல்லாரும் அப்படித்தான் பாடுகிறார்கள். கேசட்டிலும் அப்படித்தான் வந்தது. கல்லூரி வாத்தியார் ஒருத்தர் அந்த ஐயாவைப் பற்றி மட்டும் பதினாறு பக்கம் எழுதியிருக்கிறாராம். ஏழைச் சனம் வானத்தைப் பார்த்துக் கூப்பிடுகிற ஐயாவாம் அது. வானமாவது, ஒன்றாவது. அது எஸ்.ஐ. ரகுநாதன் ஐயா. சேர்த்தவன் நான். எனக்குத் தெரியாதா?

மடியில் சுருதிப்பெட்டி இருக்கிறது. கருங்காலிமேட்டு விழாவில் பாடத்தானே போகிறாய்? நான் விழாவுக்குப் போகவில்லை. அதற்கு மேலே என் அக்கா மகள் வீடு இருக்கிறது, அங்கே போகிறேன். வழியில் அந்த ஊர் வந்தால் நான் என்ன செய்ய முடியும்? எனக்கு அழைப்பும் கிடையாது. அங்கே அந்தப் பாட்டைப் போட்ட சிங்கராயருக்கு மண்டபம் கட்டியிருக்கிறார்கள், அவன் ஆர்மோனியத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், புத்தகம் போட்டிருக்கிறார்கள். புத்தகத்தைப் பேரனை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். 'இசைமேதை சிங்கராயர் மலைக்காவலில் ஆறு பாடல்கள் இயற்றினார். ஓர் அப்பாவிக் காவலர் வழியாக அவை மக்களைச் சென்றடைந்தன.' இரண்டே வரியில் இரண்டு தப்பு. ஆறு இல்லை, ஏழு. அப்புறம், அப்பாவி இல்லை. அந்தக் காவலருக்கு ஒரு பெயர் இருக்கிறது. ஒச்சப்பன்.

ஏழாவது எங்கே என்று கேட்பாய். என்னிடம் இருக்கிறது. வேறு யாரிடமும் இல்லை. நாற்பத்தைந்து வருசத்துக்கு மேலாக நான் யாரிடமும் கொடுக்கவில்லை, கொடுக்கப்போவதும் இல்லை. அதனால் கேட்காதே.

நான் மூன்றாவது வரைக்கும் படித்தவன். வடகரைப்பட்டி ஸ்டேஷனில் கான்ஸ்டபிள். ஊர்ச்சனம் காக்கிச் சட்டை போட்ட எல்லாரையும் ஏட்டையா என்றுதான் கூப்பிடும். எனக்கும் அப்படித்தான். ஆனால் ஏட்டுக்குக் கையில் மூன்று பட்டை இருக்க வேண்டும். அந்தப் பட்டைக்காகத்தான் தாயி இவ்வளவும்.

எமர்ஜென்சி வந்தது. சிங்கராயரை ஜெயிலில் போட்டார்கள். கட்சி மேடைக்குப் பாட்டுப் போடுகிற ஆள். பேச்சாளனை விட்டால்கூட மறுநாள் மறந்துவிடுவார்கள், பாட்டுப் போடுகிறவனை விட்டால் சனம் மறக்காது என்று எங்கள் எஸ்.ஐ. சொல்லுவார். ஜெயிலில் அவன் ரத்தம் கக்கினான். உள்ளே செத்தால் கெட்ட பெயர் என்று மலைக்கு அனுப்பினார்கள். காப்பித் தோட்டத்தில் பழைய சரக்கு அறை ஒன்று, ஓட்டுக் கூரை, ஒரு கதவு. அந்தக் கதவுக்கு வெளியே நான். ராத்திரிக்கு வேறு ஆள், அவனுக்குக் காது மந்தம்.

உத்தரவு என்னவென்றால், வாத்தியம் தொடக்கூடாது, எழுதக்கூடாது, யாரோடும் பேசக்கூடாது. ஆர்மோனியத்தை அரக்கு வைத்து முத்திரை போட்டு ஸ்டேஷனில் வைத்தார்கள். முதல் நாளே அவன் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டிக்கொண்டு பாட ஆரம்பித்துவிட்டான். உத்தரவைப் படிக்கச் சொல்லிக் கேட்டால், பாடக்கூடாது என்று ஒரு சொல் இல்லை. எழுதியவர்கள் மறந்துவிட்டார்கள். நான்தான் அதை எஸ்.ஐ.யிடம் சொன்னேன். வேறு யார் கவனித்தார்கள்? அவர் யோசித்துவிட்டுச் சொன்னார். பாடட்டும், ஆனால் என்ன பாடுகிறான் என்று எனக்கு வாரா வாரம் அறிக்கை வந்தாக வேண்டும். ஒழுங்காகச் செய், வருகிற ஏட்டுப் பட்டியலில் உன் பெயரைச் சேர்க்கிறேன்.

மலையிலிருந்து நான் இறங்குவது செவ்வாய்க்கிழமை. அன்றைக்குத்தான் வடகரைப்பட்டிச் சந்தை, அன்றைக்குத்தான் ராத்திரி ஆள் பகலுக்கும் நிற்பான். ஸ்டேஷன் சந்தையை ஒட்டின மாதிரி. வெங்காயக் குவியல் இந்த ஜன்னலுக்குக் கீழே, வாழைத்தார் அந்த ஜன்னலுக்குக் கீழே.

முதல் செவ்வாய் போய், 'மழையைப் பத்தி ஒரு பாட்டு ஐயா' என்றேன்.

எஸ்.ஐ. என்னையே பார்த்தார். 'மழையைப் பத்தின்னா? யாருய்யா அந்த மழை?'

'மழைதான் ஐயா.'

'இவனுங்க மழைன்னா மழையில்லய்யா. என்ன வார்த்தை, எந்த இடத்துல இழுக்கிறான், எந்த இடத்துல குத்துறான், அது பூரா வேணும். எழுதிட்டு வா.'

எனக்குக் கையெழுத்துப் போடவே கால் மணி நேரமாகும். ஆனால் காது அப்படி இல்லை. ஒரு தடவை கேட்டால் போதும். எந்த லாரி எந்த வளைவில் வருகிறது என்று இங்கிருந்தே சொல்லுவேன். அதற்காக எனக்குச் சங்கீதம் பிடிக்கும் என்று நினைத்துவிடாதே. பிடிக்காது. அதனால், பாடிக் காட்டட்டுமா ஐயா என்று கேட்டேன். சரி என்றார். தொப்பி போட்டிருந்தேன், விறைப்பாக நின்றேன், பாடினேன். ரைட்டர் பாஷா எழுதிக்கொண்டார். அதிகாரிக்கு முன்னால் வாய் திறந்தால் வரிக்கு ஒரு ஐயா போட்டுத்தான் முடிக்க வேண்டும். பன்னிரண்டு வருசப் பழக்கம். 'மேகம் வந்தாச் சொல்லி அனுப்பு ஐயா. மேட்டுத் தெருவுல நானிருப்பேன் ஐயா.' அப்படித்தான் சொல்ல முடியும். எஸ்.ஐ.யைப் பார்த்து மொட்டையாகச் சொல்லி அனுப்பு என்று சொல்ல முடியுமா?

பாதியில் அவர் கையைத் தூக்கினார். 'சந்தைச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. சத்தமாப் பாடு.'

சத்தமாகப் பாடினேன். அது மேலதிகாரி உத்தரவு. இதை நான் விசாரணையில் பதினோரு தடவை சொன்னேன்.

எல்லா வாரமும் புதுப் பாட்டு இருக்காது. இல்லாத வாரம் பழையதையே பாடச் சொல்லுவார். ஏதாவது மாற்றியிருக்கிறானா என்று பார்க்க வேண்டுமாம். நாலாவது தடவை பாடும்போது பாஷா எழுதுவதை நிறுத்திவிட்டு மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். எஸ்.ஐ. பார்த்தார். அவர் காலும் மேசைக்குக் கீழே சும்மா இல்லை. எனக்கு என்ன, நான் எதிர்ச் சுவரைப் பார்த்துத்தான் நின்றேன்.

மலையிலிருந்து கீழே ஒன்பது மைல். வழியில் மறந்துவிடக் கூடாது என்று பாடிக்கொண்டே இறங்குவேன். சந்தைக்குச் சுமை கொண்டுபோகிறவர்கள் கூடவே வருவார்கள். காதைப் பொத்திக்கொள் என்று சுமை தூக்குகிறவனிடம் சொல்ல முடியுமா? இரண்டாவது அடியை அவர்கள் எடுத்துக் கொடுத்தால் எனக்கும் மறக்காமல் இருந்தது. அறிக்கை சுத்தமாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் என் நினைப்பு.

சிங்கராயருக்கு என் மேல் நல்ல மரியாதை. அதை நான் மறுக்க மாட்டேன். இரண்டு மாசம் கழித்து ஒரு நாள் கதவுக்குள்ளிருந்து கேட்டான். 'ஏட்டையா, உங்க தொண்டை எதுவரைக்கும் ஏறும்?'

எதற்கு என்றேன்.

'இல்ல, மேல போனா நீங்க கஷ்டப்படுறீங்களோன்னு.'

எவ்வளவு கரிசனம் பார். என் தொண்டைக்குத் தகுந்த மாதிரி பாட்டையே கீழே இறக்கினான். மூச்சு எங்கே விடுவீர்கள் என்று கேட்டு அங்கே இடம் வைத்தான். இரண்டு வரியைச் சேர்த்துப் போட்டால் வழியில் மறக்குமா என்று கேட்டு ஒற்றை வரியாக்கினான். சில நாள் என்னைத் திரும்பப் பாடச் சொல்லிக் கேட்டு, இந்த இடம் சரி, அந்த இடத்தில் அவசரப்படாதீர்கள் என்பான். சுத்தமான அறிக்கை கொடுக்க வேண்டும் என்பதில் என்னைவிட அவனுக்கு அக்கறை. காவலில் இருக்கிறவன் இப்படி ஒத்துழைத்து நான் பார்த்ததில்லை.

ஒரு மத்தியானம் நல்ல மழை. நான் கதவுக்கு உள்பக்கம் ஒதுங்கி நின்றேன். உத்தரவுப்படி தப்பு, ஆனால் துப்பாக்கி நனையக் கூடாது. அப்போது கிரேக்க நாட்டுக் கதை ஒன்று சொன்னான். அங்கேயும் ஒருத்தன் பாட்டுப் போடுகிறவனாம். பட்டாளத்துக்காரர்கள் ஆட்சியைப் பிடித்துக்கொண்டு அவன் பாட்டையெல்லாம் தடை செய்தார்களாம். பாடினால் ஜெயில், ரிக்கார்டு வைத்திருந்தால் ஜெயில். அவனையும் ஜெயிலில் போட்டு, அப்புறம் ஒரு மலைக்கிராமத்தில் கொண்டுபோய் வைத்துச் சுற்றிக் காவல் போட்டார்களாம். அப்படியும் அவன் பாட்டு வெளியே வந்து உலகம் பூராப் பாடினார்களாம். கடைசியில் விட்டுவிட்டார்களாம். பட்டாளத்துக்காரர்கள் போனதும் ஊர் திரும்பினானாம், ஒரு மைதானம் கொள்ளாத கூட்டமாம். சொல்லும்போது சிங்கராயருக்குக் கண் மின்னியது.

நான் கேட்டேன். 'அங்க காவலுக்கு நின்ன ஏட்டு என்ன ஆனான்?'

அவன் விழித்தான். 'தெரியலையே ஏட்டையா.'

'பேரு?'

'அதுவும் தெரியாது.'

அதைத்தான் நான் சொல்வேன். மழையிலும் குளிரிலும் மலையில் நின்றவன் ஒருத்தன் இருந்திருப்பான் இல்லையா? அவனுக்கும் வீடு, சம்சாரம் எல்லாம் இருந்திருக்கும் இல்லையா? எவனும் எழுதி வைக்கவில்லை. சிங்கராயர் அன்றைக்குப் பூராவும் பாடவில்லை. தட்டையும் தொடவில்லை.

கெட்டுப்போனது எப்படி என்று கேள். மெட்ராசிலிருந்து பெரிய அதிகாரி ஒருத்தர் வடகரைப்பட்டிக்கு வந்தார். நாடு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க. பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வரவேற்புப் பாட்டு. டீச்சரம்மா பாவம், இந்தப் பக்கத்து நாட்டுப்பாட்டு என்று நினைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. நாற்பது பிள்ளைகள் நின்று 'மேகம் வந்தாச் சொல்லி அனுப்பு ஐயா' என்றதும் அதிகாரி எழுந்துவிட்டார். அவர் அந்த வரிகளைப் படித்திருக்கிறார். எங்கே? எங்கள் எஸ்.ஐ. மெட்ராசுக்கு அனுப்பிய அறிக்கையில்.

விசாரணை வந்தது. கடிதம் போகவில்லை, ஆள் போகவில்லை, பாட்டு எப்படி மலையை விட்டு இறங்கியது? வாழைத்தார் தூக்குகிறவன் பாடுகிறான், வெங்காயம் ஆய்கிற பொம்பளைகள் பாடுகிறார்கள். சிங்கராயரைக் கீழே கொண்டுவந்து பாடச் சொன்னார்கள். பாடினான். ஐயா இல்லை. மறுபடி பாடச் சொன்னார்கள். மறுபடியும் ஐயா இல்லை. சந்தையில் பாடுகிற எல்லாரிடமும் ஐயா இருக்கிறது, அறிக்கையில் ஐயா இருக்கிறது, போட்டவனிடம் இல்லை. அப்படியானால் இந்த ஐயா யாருடையது என்று அதிகாரி கேட்டார். ஸ்டேஷன் பூராவும் என்னைப் பார்த்தது.

எஸ்.ஐ. என்ன சொன்னார் தெரியுமா? 'நான் பாடச் சொல்லல. அறிக்கைதான் கேட்டேன்.' பாஷா தலையைக் குனிந்துகொண்டார். என்னை அன்றைக்கே சஸ்பெண்ட் செய்தார்கள். எஸ்.ஐ. ஆறு மாசத்தில் இன்ஸ்பெக்டர் ஆனார்.

கம்பளியும் தட்டுமுட்டுச் சாமானும் மேலே இருந்தன. எடுக்கப் போனேன். புதுக் காவல் வந்து சேரவில்லை. காது மந்தக்காரன் டீக்குப் போயிருந்தான். சிங்கராயர் கதவோரம் உட்கார்ந்திருந்தான். 'உங்களுக்கு ஒண்ணு போட்டு வச்சிருக்கேன் ஏட்டையா' என்றான். எனக்கு இனிமேல் அறிக்கை கிடையாது, யாரிடமும் சொல்ல வேண்டிய வேலை இல்லை என்றேன். 'அதனாலதான்' என்றான். ஒரு தடவை பாடினான். நான் கம்பளியைச் சுருட்டிக்கொண்டே கேட்டேன். அதுதான் ஏழாவது. அடுத்து வந்த காவல் பொல்லாத காவல். வாயைத் திறக்க விடவில்லை. மலைக்காவலில் அவன் பாடிய கடைசிப் பாட்டு அது.

அப்புறம் ஆட்சி மாறியது. மாலை, ஜீப்பு, ஊர்வலம். ஆறு பாட்டையும் ஊரே பாடியது, என் ஐயாவோடு. எனக்கு வேலை திரும்பக் கிடைத்தது, ஆனால் பட்டை இல்லை. பைலில் 'தடை செய்த பாடல்களைப் பரப்பியவர்' என்று இருந்தது. அதை அடிக்க வேண்டும். சிங்கராயர் ஒரு கடிதம் கொடுத்தால் போதும் என்று சொன்னார்கள். போனேன். அவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இவர் இல்லாவிட்டால் பாட்டே வெளியே வந்திருக்காது என்று எழுதிக் கொடுக்கிறேன் என்றான். ஐயையோ, அதைத்தானே பைலில் எழுதியிருக்கிறார்கள், எனக்கு அது வேண்டாம் என்றேன். நான் கண்டிப்பான காவல்காரன், கடமை தவறாதவன், அப்படி எழுது என்றேன். அவன் சிரித்தான். ஆனாலும் நான் சொன்னபடியே எழுதினான். 'திரு. ஒச்சப்பன் என் பாடல்களில் ஒன்றைக்கூட விடாமல் மேலதிகாரிகளுக்குத் தெரிவித்தார்.'

புது அதிகாரி அதைப் படித்தார். பழைய வரியை அடிக்கவில்லை. கீழே இன்னொரு வரி எழுதினார். 'இசையமைப்பாளரைப் பற்றி உளவு சொன்னவர்.' ஒரே பைலில் மேலே பரப்பியவன், கீழே காட்டிக்கொடுத்தவன். ஐம்பத்தெட்டு வயசில் வெறும் கையோடு வெளியே வந்தேன். வெறும் கை என்றால், பட்டை இல்லாத கை.

அந்தக் கடிதத்தை யார் எழுதினது? அவன்தானே. நான் கேட்டபடி எழுதினான் என்றால், படித்த அவனுக்கு அது எங்கே போய் முடியும் என்று தெரிய வேண்டாமா?

இதை உன்னிடம் ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டில், அவன் பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறான், என்னைப் பார்க்க வேண்டும் என்கிறான் என்று ஆள் வந்தது. போனேன். தொண்டையில் ஆபரேசன் செய்திருந்தார்கள், காற்று மாதிரிக் குரல். கிட்டே கூப்பிட்டான்.

'ஏட்டையா, அந்த ஏழாவது. எனக்கு முதல் வரிதான் ஞாபகம் இருக்கு. உங்ககிட்ட இருக்கா?'

பைல் அப்போதுதான் மறுபடி திரும்பி வந்திருந்தது. அதே இரண்டு வரி. பட்டியலில் என்னைவிட ஒன்பது வருசம் இளையவன் பெயர் இருந்தது.

'இல்ல' என்றேன். 'மறந்துபோச்சு.'

'உங்களுக்கா?' என்றான். அப்புறம் சிரித்தான். கையை எடுத்து என் கையின் மேல், இங்கே, பட்டை வைக்கிற இடத்தில் வைத்தான். பத்து நாளில் முடிந்துவிட்டது.

தப்பு என்று நீ சொல்ல வேண்டாம். எத்தனை செவ்வாய்க்கிழமை விறைப்பாக நின்றேன், எனக்கு என்ன கிடைத்தது? அவன் கேட்டதை நானும் ஒரு தடவை கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அது பெரிய பாட்டும் இல்லை. ஏதோ காவல்காரனைப் பற்றியது. அந்தக் கிரேக்க நாட்டு ஏட்டாக இருக்கும். எனக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

அதோ ஒலிபெருக்கி கேட்கிறது. கேட்டாயா? 'நானிருப்பேன் ஐயா.' மலை பூரா ரகுநாதனுக்கு மரியாதை.

என்ன கண்டக்டர்? இறங்க வேண்டுமா? கருங்காலிமேடுதான் கடைசியா? இதற்கு மேலே பஸ் போகாதா? எப்போதிலிருந்து? சரி, சரி, கத்தாதே. இறங்குகிறேன். பெரிய மனுசனை இறங்க விடு.

பையைக் கொஞ்சம் பிடி தாயி. இந்தப் படி உயரம். இங்கே நில், ஒலிபெருக்கிக்கு இந்தப் பக்கம். அந்தச் சரக்கு அறை இருந்த இடம் அது, மண்டபம் கட்டியிருக்கிறார்களே, அது. கதவு அந்தப் பக்கம் பார்த்து இருந்தது.

உனக்குக் காது எப்படி? ஒரு தடவை கேட்டால் நிற்குமா? ஒரே தடவைதான் சொல்லுவேன். சுருதிப்பெட்டியெல்லாம் வேண்டாம். என் தொண்டைக்கு எந்தச் சுருதி வருமோ அதில்தான் போட்டிருக்கிறது.

மலையில பாடுனவன் பேரு
ஊரெல்லாம் தெரியும்.
வாசல்ல நின்னவன் பேரு
வாசலுக்குத் தெரியும்.

மழைக்கு உள்ள வந்து நின்னான்,
மறுபடி வெளிய போனான்.
போன வழி பூரா பாட்டு,
போனவன் பேரு யாருக்குத் தெரியும்?

இவ்வளவுதான். இதில் எங்கேயும் ஐயா கிடையாது. சேர்த்துவிடாதே. அன்றைக்கு எனக்கு மேலே எந்த அதிகாரியும் இல்லை.

எங்கே, நீ பாடு பார்ப்போம்.

ம்.

ம். இல்லை, அங்கே நிறுத்து. 'வாசல்ல நின்னவன் பேரு' முடிந்ததும் உடனே அடுத்ததற்குப் போகாதே. அங்கே மூச்சு விட வேண்டும். உனக்கு வேண்டியதில்லை, இளந்தொண்டை, தெரியும். ஆனாலும் விடு. அவர் அங்கே இடம் வைத்திருக்கிறார். எனக்காக வைத்த இடம் அது.

இன்னொரு தடவை பாடு.